ஜப்பானிய மொழியில் உயர்கல்வி: தங்கவயல் இளைஞர்க்கு ஒரு வழி

(கோலார் தங்கவயல், இராபர்ட்சன்பேட்டையில் கல்லூரி மாணவ மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



இன்று காலை பங்காருப்பேட்டையில் இரயில் மாறி இங்கு வந்து சேர்ந்தேன். வழிநெடுகச் சுவர்களில் ஒரே செய்தியைப் பல வண்ணங்களில் கண்டேன். சில மாதங்களில் ஜப்பானிய மொழி கற்கலாம், உடனே ஜப்பானில் வேலை பெறலாம் என்பது அச்செய்தி. அதைக் குறை கூறுவதற்காக நான் இங்கு வரவில்லை. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட பிறகு, இவ்வூரின் இளைஞர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புகிறார்கள். அவர்களுக்கு எந்தக் கதவு திறந்தாலும் அது நல்லதே. ஆயினும் ஒரு மொழியில் வாயிற்படி என்று ஒன்றுண்டு, உள்வீடு என்று ஒன்றுண்டு. சுவரொட்டிகள் சொல்வது வாயிற்படியைப் பற்றி. உள்வீட்டைப் பற்றிச் சொல்ல எவரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை. ஆகவே அதைப் பற்றி நான் பேசலாமென எண்ணுகிறேன்.

நானும் இவ்வூரில் பிறந்தவன். என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். என் தந்தையார் சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். பாறையின் ஓசையைக் கேட்டே அது நிற்குமா, வெடிக்குமா என்று சொல்லக் கூடியவர். ஆனால் தம் குறையை ஒரு தாளில் எழுதி மேலிடத்திற்கு அனுப்ப வேண்டுமென்றால், மனு எழுதுபவரிடம் காசு கொடுத்துக் காத்து நிற்பார். எழுதப்பட்டது தாம் சொன்னதுதானா என்று அவருக்குத் தெரியாது. கையெழுத்திட்டுவிட்டு வருவார். ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்த 1880 முதல் இந்த வயலில் வேலை ஒரு மொழியில் நடந்தது. முடிவுகள் வேறொரு மொழியில் எடுக்கப்பட்டன. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் சிலர். அவர்களுடைய பிள்ளைகள் வேறு வகையாக வளர்ந்தார்கள். இதைக் கசப்போடு சொல்லவில்லை. ஒரு மொழியை எந்த அளவு கற்கிறோம் என்பது வாழ்வின் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்பதைத் தீர்மானிக்கும் என்று சிறு வயதிலேயே கண்டவன் என்பதால் சொல்கிறேன்.

சுரங்கத்தினுள் ஜப்பானியர்

ஜப்பான் இவ்வூருக்குப் புதியதன்று. டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1950-களின் தொடக்கத்திலேயே அண்டக்கதிர்களை அளப்பதற்காக இங்குள்ள சுரங்கங்களில் இறங்கினார்கள். 1960-களில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சபுரோ மியாகேயும் அவருடைய சகாக்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் உடனிருந்தது. நம் தந்தையரும் பாட்டனாரும் இறங்கிய அதே கூண்டில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்திற்கு இறங்கி, 1965-இல் ஒரு பெரும் கண்டுபிடிப்பை அவர்கள் வெளியிட்டார்கள். வளிமண்டலத்தில் பிறந்து, பாறையை ஊடுருவி வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் விளைவைப் பூமியின் ஆழத்தில் முதன்முதலாகக் கண்டவர்களுள் இக்குழுவினர் இடம்பெறுகின்றனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு இதையே கண்டது.

1980-இல் புரோட்டான் சிதைகிறதா என்று ஆராய, 140 டன் எடையுள்ள கருவியொன்று இங்கே ஆழத்தில் நிறுவப்பட்டது. அதிலும் ஒசாகாவினர் பங்கு கொண்டனர். இதே கேள்விக்கு விடை தேடி ஜப்பானில் கமியோகா என்னும் ஈய, துத்தநாகச் சுரங்கத்தில் 1983-இல் மற்றொரு கருவி இயங்கத் தொடங்கியது. 1987-இல் வெடித்த விண்மீனொன்றின் நியூட்ரினோக்களை அக்கருவி பதிவு செய்தது. அதன் தலைவர் மசதோஷி கொஷிபாவுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் தகாகி கஜிதாவுக்கு 2015-இல் கிடைத்தது. கமியோகா இன்றும் இயங்குகிறது. நம் சுரங்கமோ நீரில் மூழ்கிக் கிடக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். அது இன்றைய பொருளன்று, விட்டுவிடுகிறேன்.

பி.இ.எம்.எல். தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் தொடங்கப்பெற்ற இப்பொதுத்துறை நிறுவனம் கோமாட்சு என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு மண் தள்ளும் பொறிகளை இங்கே தயாரித்தது. ஆக, இவ்வூரில் பூமிக்கு அடியிலும் ஜப்பான், பூமிக்கு மேலும் ஜப்பான். அண்மைக் காலத்தில் 2013-இல் நம் மாவட்டத்து நரசாபுரத்தில் ஹோண்டா நிறுவனத்தின் இருசக்கர வாகனத் தொழிற்சாலை வந்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் டொயோட்டா ஏற்கனவே வந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் ஜப்பானியரோடு ஒரே கூண்டில் இறங்கியும், ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும், அவர்களுடைய மொழியை நூல் படிக்கும் அளவுக்குக் கற்றவர் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் நடுவில் நின்றது, அது போதுமென்றிருந்தோம்.

வாயிற்படியும் உள்வீடும்

ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வு 1984-இல் தொடங்கியது. 2010 முதல் அதில் ஐந்து நிலைகள் உள்ளன. ஐந்தாம் நிலை தொடக்கம். முதல் நிலை உச்சம். ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறனாளர் திட்டத்தின் கீழ் அங்கு வேலைக்குச் செல்ல நான்காம் நிலையோ, அதற்கு ஈடான வேறொரு அடிப்படைத் தேர்வோ போதும். முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டடப் பணி, வேளாண்மை போன்ற துறைகளுக்கு இவ்வழியே ஆள் எடுக்கிறார்கள். நம் நாடும் 2021 ஜனவரியில் இதற்கென ஜப்பானோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. இத்திட்டத்தின் முதல் வகையில் செல்பவர் மொத்தம் ஐந்தாண்டுகள் வரை அங்கு இருக்கலாம். மனைவி மக்களை உடனழைத்துச் செல்ல இயலாது.

இனி மற்றொரு பக்கத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பொறியாளராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ பன்னாட்டுத் தொடர்புப் பணியாளராகவோ செல்பவர்க்கு ஜப்பானியக் குடிவரவுச் சட்டம் வேறொரு தகுதியை வழங்குகிறது. அவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். தகுதியைப் புதுப்பித்துக்கொண்டே தங்கலாம். உயர்திறனாளர்க்கென அவர்கள் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கில் எழுபது புள்ளிகள் தேவை. அதில் மொழித்தேர்வின் முதல் நிலையில் தேறியவர்க்குப் பதினைந்து புள்ளிகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர்க்கும் அதே பதினைந்து. இரண்டாம் நிலைக்குப் பத்து. நான்காம் நிலைக்கு ஒன்றுமில்லை. சட்டமே கோடு போட்டுப் பிரித்துவிட்டது. பாட்டனார் காலத்தில் அக்கோடு எழுதப்படாமல் இருந்தது. இப்போது அச்சில் இருக்கிறது.

நான்காம் நிலையோடு செல்பவர்களை நான் குறைவாக மதிப்பதாக எண்ணவேண்டாம். வீட்டில் கடன் இருக்கும். தங்கைக்குத் திருமணம் இருக்கும். அவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பைப் பற்றிப் பேசுவது பசித்தவனுக்கு விதைநெல்லைக் காட்டுவது போலாகும். ஆனால் அவ்வழி ஒன்றே வழி என்று இவ்வூரின் எல்லாப் பிள்ளைகளும் நம்பிவிடக் கூடாது.

இலக்கணம் நம் பக்கம், எழுத்து எதிர்ப்பக்கம்

தமிழர்க்கு ஜப்பானியம் எளிதென்று கூறுவார்கள். பாதி உண்மை. "நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதை ஜப்பானியத்தில் "கினோ மிசே தே கத்தா ஹோன் ஓ யோன்தே இரு" என்கிறார்கள். கினோ என்றால் நேற்று, மிசே, கடை, தே என்பது "இல்" உருபு, கத்தா, வாங்கிய, ஹோன், புத்தகம், ஓ என்பது "ஐ" உருபு, யோன்தே, படித்து, இரு, இருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. வினை இறுதியில் நிற்கிறது. பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. "சாப்பிட்டுப் பார்" என்று நாம் சொல்வதை அவர்களும் சாப்பிடு, பார் என்னும் இரு வினைகளைச் சேர்த்தே சொல்கிறார்கள். "செய்து வை" என்பதற்கு அவர்களும் வைத்தல் என்னும் வினையையே துணையாகக் கொள்கிறார்கள். ஆங்கிலேயர் இரண்டாண்டு தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தை நம் மாணவர் இரண்டு மாதத்தில் கடந்துவிடுகிறார். அகரவரிசையும் நமக்கு அயலன்று. அ, இ, உ, எ, ஒ என்று உயிரில் தொடங்கி, க, ச, த, ந என்று செல்லும் அவ்வரிசை, பௌத்தத் துறவியர் வழியே இந்திய ஒலியியலைப் பின்பற்றி அமைந்ததாகும்.

இந்த எளிமைதான் நம்மவரை ஏமாற்றுகிறது. ஓராண்டில் பேச வந்துவிடும். பேச்சு வந்ததும் மொழி வந்துவிட்டதாக எண்ணிப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் தலைப்பைக்கூடப் படிக்க இயலாது. ஏனெனில் கஞ்சி என்னும் சீன வழி எழுத்துகள் அங்கே காத்திருக்கின்றன. (பெயரைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். நானும் முதல்நாள் சிரித்தேன்.) பொதுப் பயன்பாட்டிற்கென ஜப்பானிய அரசு 1981-இல் வகுத்த பட்டியலில் 1,945 எழுத்துகள் இருந்தன, 2010-இல் அது 2,136 ஆயிற்று. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை அந்நாட்டுக் குழந்தைகள் தொடக்கப் பள்ளியிலேயே கற்று முடிக்கின்றன.

எண்ணிக்கை மட்டுமே இடர் என்றால் மனப்பாடம் செய்துவிடலாம். ஒரே எழுத்துக்குப் பல ஒலிப்புகள் உண்டு. இவ்வூருக்கு ஏற்ற ஓர் எழுத்தையே காட்டுகிறேன். கரும்பலகையில் எழுதியுள்ள இவ்வெழுத்தின் பொருள் பொன். இதைக் கின் என்றும் படிக்கலாம், கொன் என்றும் படிக்கலாம், கானே என்றும் படிக்கலாம். பொன் என்பதோடு உலோகம், பணம் என்னும் பொருள்களும் இதற்குண்டு. இதனோடு மலை என்னும் எழுத்தைச் சேர்த்தால் கின்ஸான். அதாவது தங்கச் சுரங்கம். கூலியைக் குறிக்கும் சிங்கின் என்னும் சொல்லில் இவ்வெழுத்து இருக்கிறது. கடனைக் குறிக்கும் ஷக்கினிலும், ஓய்வூதியத்தைக் குறிக்கும் நென்கினிலும், வேலையிலிருந்து விலகும்போது தரும் தொகையைக் குறிக்கும் தாய்ஷொகுகின் என்னும் சொல்லிலும் இதே எழுத்துதான். இச்சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் தங்கவயலின் வரலாறே அதில் அடங்கிவிடும் போலிருக்கிறது. மேலும் ஒன்று. நாம் வானத்து வெள்ளியைப் பார்த்து ஒரு கிழமைக்கு வெள்ளி என்று பெயரிட்டோம். அதே கோளை அவர்கள் பொன்மீன் என்கிறார்கள். அதே கிழமையைப் பொன்னின் பெயரால் கின்யோபி என்று அழைக்கிறார்கள்.

"பார்க்கலாம்" என்னும் சொல்

உயர்நிலைத் திறன் என்றால் கடினமான சொற்களை அறிவது என்று பலர் நினைக்கிறார்கள். எளிய சொல்லை அறிவதே அதனினும் கடினம். இதை என் தவற்றைக் கொண்டே விளக்குகிறேன். மொழிபெயர்ப்பாளராகப் பணியில் சேர்ந்த தொடக்கத்தில், ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகம் வழங்க விரும்பிய சிறு தொழிலதிபர் ஒருவரோடு பேச்சுவார்த்தைக்குச் சென்றேன். எதிரிலிருந்த ஜப்பானிய அதிகாரி இறுதியில் "கென்தோ ஷிமாஸு" என்றார். "ஆராய்கிறோம்" என்பது அகராதிப் பொருள். அப்படியே சொன்னேன். நம் தொழிலதிபர் மகிழ்ந்து, புதிய இயந்திரம் வாங்க முன்பணம் கட்டிவிட்டார். அச்சொல் அந்த இடத்தில், அந்தத் தொனியில், மறுப்பு. பெண் பார்த்துவிட்டு "கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்து செல்லும் மாப்பிள்ளை வீட்டாரின் பொருள் நமக்குப் புரிகிறதல்லவா? நம் ஊர் "பார்க்கலாம்" எப்போது ஆம், எப்போது இல்லை என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அது எனக்கு ஜப்பானியத்தில் தெரியவில்லை. அப்போது என் கையில் மூன்றாம் நிலைச் சான்றிதழ் இருந்தது. அத்தொழிலதிபர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பிறகே நான் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றேன்.

மதிப்புச் சொற்களும் அப்படியே. உண்ணுதலுக்கு "தாபெரு" என்பது பொதுவினை. பெரியவர் உண்டால் "மெஷியாகாரு". பெரியவர் முன் நான் உண்டால் "இதாதாகு". நாம் "அடியேன்" என்னும் ஒரு சொல்லில் அடக்கும் பணிவை அவர்கள் வினைகளிலெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார்கள். தன் நிறுவனத் தலைவரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது அவரையும் தாழ்த்தியே சொல்லவேண்டும். வாய்பாடு போல இதை எழுதிக் கற்கலாம். ஆனால் எவர் உள்ளார், எவர் வெளியார் என்று கணந்தோறும் அளந்து பேசுவதற்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

கைப்பேசியே மொழிபெயர்க்கும் காலத்தில் இத்தனை பாடு எதற்கு என்று மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விலைப்பட்டியலுக்கும் வழி கேட்பதற்கும் கைப்பேசி போதும். அவ்வேலைகள் இனி மனிதரிடம் வரமாட்டா. ஆகவேதான் வாயிற்படியில் நிற்பது முன்னைவிட ஆபத்தானது. நம் தமிழில் "வந்தேன்", "வந்தார்" என்று வினையே ஆளைக் காட்டிவிடும். ஜப்பானியத்தில் "கிமாஷ்தா" என்றால் வந்தது நானா, நீங்களா, அவரா என்று வினையில் இல்லை. எழுவாயையும் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். இயந்திரம் ஊகிக்கிறது. பல வேளைகளில் அதன் ஊகம் சரியாகவே இருக்கும். தவறிய இடத்தைக் கண்டு நிறுத்த ஒருவர் வேண்டும். அவர் இயந்திரத்தைவிட அதிகம் கற்றவராக இருக்கவேண்டும்.

பல்கலைக்கழகம் ஏன்?

மாலை வகுப்பில் சேர்ந்து தேர்வெழுதிக்கொண்டே முதல் நிலையை எட்டிவிடலாகாதா? எட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். பழைய தேர்வுமுறை இருந்தபோது முதல் நிலைக்கு ஏறத்தாழ 900 மணி நேரப் படிப்பும், 2,000 கஞ்சியும், 10,000 சொற்களும் அளவாகக் கூறப்பட்டன. நான்காம் நிலைக்கு அன்று 150 மணி நேரமே. வாரத்திற்கு நான்கு மணி நேரம் மாலையில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 200 மணி நேரம் சேரும். இரயிலில் மூன்று மணி நேரம் நின்று வந்து, இரவு எட்டு மணிக்குப் படிக்கும் மணி நேரம் அது. ஐந்தாண்டு ஆகும், அதற்குள் முதலாண்டுப் பாடம் மறந்திருக்கும். வாரம் பதினைந்து மணி நேரம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர் இரண்டாண்டில் அந்த அளவைத் தாண்டுவார்.

காலக்கணக்கைவிட முக்கியமானது வேறொன்று. அத்தேர்வில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. நான்கு விடைகளுள் ஒன்றைக் குறித்தால் போதும். முதல் நிலையில் தேறிய ஒருவரால் ஒரு பக்கக் கடிதம் எழுத முடியாமற் போவதை நான் கண்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதவேண்டும். எழுதியதைச் சிவப்பு மையில் திருத்தி ஆசிரியர் திருப்பித் தருவார். நாவலைப் படிக்கவேண்டும். வரலாறு படிக்கவேண்டும். பழைய ஜப்பானியமும், சீன நூலை ஜப்பானிய வரிசையில் மாற்றிப் படிக்கும் முறையும் ஓரளவு கற்கவேண்டும். இதெல்லாம் வேலைக்கு உதவுமா என்று கேட்பார்கள். சங்கநூல் தெரியாமல் தமிழில் கடைக்கணக்கு எழுதலாம். தமிழில் ஒரு சட்டத்தை எழுத அல்லது பாடநூலை மொழிபெயர்க்க வேண்டுமானால் பழைய மொழியின் பிடி வேண்டும். அங்கும் அப்படியே.

எதிர்த்திசையில் வந்தவர்கள்

இதை ஜப்பானியர் நம் மொழி விஷயத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் நொபொரு கரஷிமா 1933-இல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்து, 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து தமிழ்க் கல்வெட்டுகளைக் கற்றார். காவிரிக்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர்கால ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஓர் ஊரில் நிலம் தனியார்க்கு எப்படி உரிமையாயிருந்தது, மற்றோர் ஊரில் பொதுவில் எப்படி இருந்தது என்று எழுதினார். பின்னர் எ.சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கெல்லாம் 1978-இல் அடைவு வெளியிட்டார். நம் வரலாற்று மாணவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. மூன்று மாதப் பேச்சுத் தமிழைக் கொண்டு இதைச் செய்திருக்க முடியுமா? 2013-இல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2015-இல் காலமானார்.

சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய மொழியறிஞர் தம் நடுவயதைக் கடந்த பின் தமிழ் கற்கத் தொடங்கி, இரு மொழிகளுக்கும் உறவுண்டென்று 1981-இல் நூல் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் டோக்கியோவிலுள்ள கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மனோன்மணி அம்மையார் சங்க அகப்பாடல்களையும் பழைய ஜப்பானியக் காதற் பாடல்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஓனோவின் கொள்கையை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதை மாணவர்கள் அறியவேண்டும். மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. இரு மொழிகளையும் ஆழக் கற்று, அக்கொள்கையைச் சோதித்துப் பார்க்கக் கூடியவர்கள் நம்மிடையே சிலரே. அதுவே எனக்குக் குறையாகத் தோன்றுகிறது.

எங்கே, எப்படி?

புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், முன்பு மொழி கற்றிராவிட்டாலும், 2022 முதல் நடைமுறையிலுள்ள பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வு எழுதி இளங்கலையில் சேரலாம். கட்டணம் குறைவு. சாந்திநிகேதனில் விசுவபாரதியில் 1994-இல் திறக்கப்பெற்ற நிப்பான் பவனம் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகம், புனே பல்கலைக்கழகம், புனேயின் திலக் மகாராஷ்டிர வித்யாபீடம், ஐதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம் ஆகியவையும் உள்ளன. வீட்டை விட்டுச் செல்ல இயலாதவர்க்குப் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ், பட்டய வகுப்புகள் அருகில் உள்ளன. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையம் நெடுங்காலமாகக் கற்பித்து வருகிறது. மொழித்திறன் தேர்வைப் பெங்களூரிலேயே எழுதலாம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். ஜப்பானியக் கல்வி அமைச்சகம் ஜப்பானிய மொழி, பண்பாடு பயிலும் வெளிநாட்டு மாணவர்களை ஓராண்டு தன் செலவில் அழைத்து அங்குள்ள பல்கலைக்கழகங்களில் படிக்க வைக்கிறது. விமானக் கட்டணமும் உதவித்தொகையும் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கத் தகுதி, தம் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இம்மொழியை முதன்மைப் பாடமாகப் படித்துக்கொண்டிருப்பது. எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் மாலை வகுப்பு மாணவர்க்கு அக்கதவு திறவாது. சுரங்கத் தொழிலாளியின் பேத்திக்கு விமானச்சீட்டு வாங்கித் தரக் கூடிய வழி இது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளூரில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களையே நான் அரிதாகத்தான் காண்கிறேன்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்த பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்தோடு இம்மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கின்றன. ஜப்பானியத் தொழிற்சாலை இருக்கும் மாவட்டத்தில், ஜப்பானியத்தைப் பட்டப்படிப்பின் முதன்மைப் பாடமாக வைப்பது இயற்கையே. ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதை அறிவேன். கிடைக்கும் வரை, ஆண்டுதோறும் நான்கைந்து மாணவரைத் தேர்ந்து தில்லிக்கோ சாந்திநிகேதனுக்கோ அனுப்பி, விடுதிச் செலவை ஏற்று, படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு இங்கே கற்பிக்கச் செய்யலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெருவிலேயே கற்கும் பிள்ளைகள் இவர்கள். மொழி கற்கும் பழக்கம் உடம்பில் இருக்கிறது.

பெற்றோரில் ஒரு தாயார் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "ஐந்து வருடம் படிக்கவைத்து, வேலை கிடைக்கவில்லையென்றால்?" அம்மா, உறுதி கூற என்னால் இயலாது. இரண்டாம் நிலைக்குக் கீழே நின்றுவிட்டால் பட்டம் மட்டும் சோறு போடாது. மூன்றாமாண்டு வரை உங்கள் மகளுக்குச் சலிப்பு வரும். எழுதிய எழுத்தே மறுநாள் மறக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆறு மாதத்தில் விமானம் ஏறியிருப்பான். அந்த மூன்றாமாண்டில் அவளைத் திரும்ப அழைத்துவிடாதீர்கள். அதற்குப் பின் எழுத்துகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

மாணவர்களுக்கு இவ்வாண்டு வேலை இதுதான். ஹிரகானா, கத்தகானா என்னும் இரு ஒலியெழுத்து வரிசைகளை ஆறு வாரத்தில் கையால் எழுதிக் கற்றுவிடுங்கள். பிறகு நாளுக்கு மூன்று கஞ்சி. நுழைவுத்தேர்வு விண்ணப்ப நாளைத் தவறவிடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் விரும்புகிறவர்கள் கரும்பலகைக்கு வாருங்கள். பொன் என்னும் எழுத்துக்கு எட்டுக் கோடுகள். முதற்கோடு உச்சியிலிருந்து இடப்புறமாகக் கீழே இறங்கும். இரண்டாவது அதே உச்சியிலிருந்து வலப்புறமாக. மற்ற ஆறையும் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.